டிசிசி (ஐஆர்சி சாட்டுல பைல் அனுப்புத வழி) 0%லயே நிக்குதா? உங்க ரவுட்டரை விட்டுருங்க

வள்ளியூர் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணாச்சி, தென்காசில இருக்க கூட்டாளி ஐஆர்சில லினக்ஸ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ணுத பைல்) அனுப்புதான், ஹெக்ஸ்சாட்ங்குத ஐஆர்சி சாப்ட்வேர்ல அக்செப்ட் குடுத்தா 0%லயே நிக்குது, அப்புறம் டைம்அவுட். என் ரவுட்டர்ல போர்ட்டெல்லாம் (வெளிய இருந்து கனெக்சன் உள்ள வர வாசல்) தொறந்துட்டேன், ஒண்ணும் நடக்கல."

தம்பி, தொறக்க வேண்டியது உங்க ரவுட்டர் இல்ல, அவரோடது. சர்வர் வழியா சாட்டு மட்டும்தான் போகும், பைல் நேரா ரெண்டு மெஷினுக்கு நடுவுல போகுது, அதுல அனுப்புதவர் மெஷின் ஒரு போர்ட்டைத் தொறந்து வச்சுகிட்டு இந்த ஐபி இந்த போர்ட்னு சொல்லும், உங்க மெஷின் அங்க போயி எடுக்கணும்.

அவரு என்ன ஐபி சொல்லுதாருன்னு மொதல்ல பாருங்க. ஹெக்ஸ்சாட்ல ரா லாக் விண்டோவத் (சர்வர்ல இருந்து வரதை அப்படியே காட்டும்) தொறந்துகிட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்க, பைல் பேருக்கு அடுத்து புள்ளியே இல்லாம நீளமா ஒரு நம்பர் வரும், அதான் ஐபி. உதாரணத்துக்கு 3232235781ன்னா 192.168.1.5, அவரு வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுத அட்ரஸ், வள்ளியூர்ல இருந்து அதை எப்படிவே தொட முடியும்? அவரு டிசிசி செட்டிங்ல வெளி ஐபிய கையால போடணும் (சர்வர்ட்ட கேட்டு வாங்குத ஆப்ஷன், ஐபிய மறைக்குத நெட்வொர்க்ல சொதப்பும்), அப்புறம் மொத போர்ட் கடைசி போர்ட்னு ஒரு சின்ன ரேஞ்ச் குடுத்து அதையே ரவுட்டர்லயும் விண்டோஸ் பயர்வால்லயும் தொறக்கணும்.

இவ்வளவு செஞ்சும் வரலன்னா சிஜிநாட்டா இருக்கும், அதாவது நெட் கம்பெனி ஒரே வெளி ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குதது. அவரு ரவுட்டர்ல காட்டுத வேன் (WAN, இன்டர்நெட் பக்கத்து) ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா அவரு பக்கம் போர்ட் தொறந்து புண்ணியமே இல்ல. அப்ப டிசிசி பிசெண்ட் போட்டு அனுப்பச் சொல்லுங்க, பேசிவ் மோடு, இதுல நீங்க தொறந்து வைக்கணும் அவரு வந்து சேருவாரு, நீங்க தொறந்து வச்ச போர்ட்டு இப்பதான் வேலைக்கு ஆகும், உங்க டிசிசி செட்டிங்லயும் அதே போர்ட் நம்பரைப் போட்டுக்கிடுங்க. ரெண்டு பேருமே சிஜிநாட்ல மாட்டிகிட்டா ஐஆர்சிய விட்டுட்டு தென்காசி பஸ்ஸைப் புடிச்சு பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்துருங்க, அதான் வேகம்.

பாதில அறுந்து போச்சுன்னா வந்த மட்டும் உள்ள பைலை அழிச்சிராதீய, பேரையும் மாத்தாதீய, திரும்ப அனுப்பச் சொல்லி ரெஸ்யூம் குடுத்தா விட்ட எடத்துல இருந்து வரும். முடிஞ்சதும் ஷா256 (பைல் பழுதில்லாம வந்துருக்கான்னு பாக்குத நம்பர்) ஒத்துப் பாத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க.