டிட்டிகாகா ஏரித் தவளையின் தோல் ஏன் தொளதொளவென்று தொங்குகிறது?

மூச்சு விடுவதற்குத்தான். பெரு, பொலிவியா எல்லையில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டிட்டிகாகா ஏரி. அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. இந்தத் தவளையோ நீரைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். நுரையீரல் மிகச் சிறியது. தேவையான ஆக்சிஜனைப் பெரும்பாலும் தோலே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. இதுதான் தோல்வழிச் சுவாசம். மடிப்பு வைத்த திரைச்சீலையில் குறுகிய இடத்தில் நிறையத் துணி அடங்குவதுபோல, விலாவிலும் தொடையிலும் தொங்கும் மடிப்புகள் உறிஞ்சும் பரப்பைக் கூட்டுகின்றன. ஆக்சிஜன் மேலும் குறைந்தால், உடலை மேலும் கீழுமாக அசைத்து மடிப்புகளுக்குள் புது நீரை வரவழைக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதற்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஏரி நீர் குளிர்ந்திருப்பதால்தான் ஆக்சிஜன் குறைவு என்று நினைக்கத் தோன்றலாம். குளிர் உண்மையில் அதிக ஆக்சிஜனைக் கரையவிடும்; குறைப்பது உயரம்தான்.