பூச்சிமருந்து விஷமும் முறிமருந்தும்: மலைத்தோட்டத்துக் கேள்விகள்

பூண்டுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த அண்ணன், எச்சில் ஒழுக, கண் மங்கி விழுந்துவிட்டார். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேரும்வரை என்ன கொடுக்கலாம் டாக்டர்?

வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர் எதுவுமே கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு ஆபத்து. 108-ஐ அழைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்பிரேயர் ஒழுகும் முதுகு, தலைமுடி, நகக்கண் எல்லாம் சேர்த்து. கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளட்டும். குளிருக்குப் பயந்து நனைந்த சட்டைமேலேயே கம்பளியைச் சுற்றி ஒருவரைக் கொண்டுவந்தார்கள்; வழியெல்லாம் மருந்து தோலில் ஊறிக்கொண்டே வந்தது. துடைத்துவிட்டுச் சுற்றுங்கள். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து டப்பாவும் கூட வரட்டும்.

அப்பாவுக்கு ஒரே ராத்திரியில் நாற்பது ஊசிக்கு மேல் உடைத்தார்களாம். பில்லுக்காகவா?

இல்லை அம்மா. இந்த விஷத்துக்கு முறிமருந்து அட்ரோபின். அதன் ஆம்பியூல் (சிறு கண்ணாடிக் குப்பி) ஒன்றில் பெரும்பாலும் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். முதல் டோஸ் 1.8 மில்லிகிராம் என்றாலே மூன்று ஆம்பியூல். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் இரட்டிப்பு: ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு. கால் மணி நேரத்துக்குள் 45 ஆகிவிடும். உடைத்து உடைத்து நர்ஸின் கட்டைவிரலில் கீறல் விழும். நெஞ்சில் கொரகொரப்பு அடங்க வேண்டும், நாடி 80-ஐத் தாண்ட வேண்டும், ரத்த அழுத்தம் இறங்காமல் நிலைக்க வேண்டும். கண்மணி விரிவதை மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது. பிறகு சொட்டாக ஏற்றுவோம். காய்ச்சல் வந்து, போர்வையைப் பிய்த்து, இல்லாத ஆளோடு பேசினால் அளவு மிஞ்சிவிட்டது என்று குறைப்போம்.

களைக்கொல்லிக்கும் இதே ஊசிதானா?

இல்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. டப்பாவைக் கேட்பது அதனால்தான்.

'பாம்' ஊசி இல்லாததால்தான் சித்தப்பா போய்விட்டாரா?

அப்படிச் சொல்ல முடியாது. பிராலிடாக்சைமைத்தான் 'பாம்' என்கிறோம். விஷம் பிடித்து வைத்திருக்கும் நொதியை அது விடுவிக்கும். ஆனால் நேரம் ஆக ஆக அந்தப் பிடி இறுகி, பிறகு கழற்றவே முடியாமல் போகும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகளில் சுமார் 3.7 மணி நேரத்திலேயே பாதி இறுகிவிடும். குளோர்பைரிபாஸ் போன்றவற்றில் 33 மணி நேரம். மகாராஷ்டிராவின் பாராமதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் 'பாம்' ஊசிக்குப் பலன் தெரிந்தது. 2009-இல் வெளியான இலங்கை ஆய்வில் தெரியவில்லை. அட்ரோபினும் மூச்சுக்கு உதவியும்தான் உயிர்நாடி என்பேன்.

ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டாமே?

உண்டு. கொடைக்கானல் சாலையோரம் மணிமணியாய்த் தொங்குகிறதே, அந்தப் பூவிலும் அந்த வகைச் சரக்கு உண்டு. எந்த இலையில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அரைத்துக் கொடுத்தால் ஒரு விஷத்தோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளே எழுந்து காபி கேட்டார். மன்னவனூருக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரென்று தளரலாம். 1987-இல் இலங்கை மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அட்ரோபின் இதற்கு உதவாது, வென்டிலேட்டர் வேண்டும். காபி குடிக்கட்டும், டம்ளரை வைத்ததும், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லையென்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.