நீஸ் நகரத்துக்குப் போக நாம் என்ன கோடீஸ்வரர்களா?

கேள்வி: மே மாத விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் பிரான்ஸின் நீஸ் நகரத்துக்குப் போக ஆசை. ‘அதெல்லாம் கோடீஸ்வரர்கள் உலவும் இடம், நமக்குக் கட்டுப்படியாகாது. நீஸ், கான், மொனாக்கோ மூன்றையும் ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றிக் காட்டிவிடுகிறோம், அது போதும்’ என்கிறார் டூர் ஏஜென்ட். உண்மைதானா? நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?
வாசகர் ஒருவர், திருச்சி.

பதில்: ஏஜென்ட் சொன்னதில் ஒன்று சரி. கோடீஸ்வரர்கள் அங்கே நிறையவே இருக்கிறார்கள். அதற்காக நீங்கள் ஏன் ஒரே நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பிரான்ஸில் கடற்கரை அரசுச் சொத்து. ஹோட்டல்காரர்கள் குடை விரித்து, சாய்வு நாற்காலி போட்டு வாடகை வாங்குவதெல்லாம் குத்தகைக்கு எடுத்த துண்டு இடத்தில்தான். இயற்கையான கடற்கரை என்றால் நீளத்தில் 80 சதவீதத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டாக வேண்டும் என்பது விதி. 1976-ல் வந்த சட்டம் ஒருபடி மேலே போகிறது: கடலை ஒட்டிய தனியார் நிலத்திலும் 3 மீட்டர் அகலத்துக்கு ஜனங்கள் நடக்க வழி விட வேண்டும். நீஸுக்குப் பக்கத்தில் ஃபெரா முனை என்று ஒரு சின்னத் தீபகற்பம் இருக்கிறது. உலகத்தில் வீட்டு விலை மிக அதிகமான இடங்களில் ஒன்று. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட், காங்கோ மக்களைக் கசக்கிப் பிழிந்து சேர்த்த பணத்தோடு வந்து நிலம் வாங்கிப் போட்ட இடமும் அதுவே. அங்கே மாளிகைகளின் மதிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பாதை போகிறது. தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு முனையைச் சுற்றி நடந்து வரலாம். டிக்கெட் கிடையாது.

இந்த உரிமையை அந்த ஊர்க்காரர்கள் சும்மா விட்டுக் கொடுப்பதில்லை. 2015 ஜூலையில் சவூதி மன்னர் சல்மான், கானுக்கு அருகே வலோரிஸில் இருக்கும் மாளிகைக்கு விடுமுறைக்கு வந்தார். பாதுகாப்பு என்று சொல்லி, மாளிகைக்குக் கீழே இருந்த பொதுக் கடற்கரையை அதிகாரிகள் மூடினார்கள். ஊர் கொதித்தது. எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். சில வாரங்கள் தங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்ட மன்னர், எட்டு நாளிலேயே மொராக்கோவுக்குக் கிளம்பிவிட்டார். திட்டப்படிதான் கிளம்பினார் என்றது சவூதித் தரப்பு. சரி, அப்படியே இருக்கட்டும். கடற்கரை திறந்துவிட்டது. ஒரு மன்னருக்கே அவ்வளவுதான் மரியாதை என்றால், திருச்சிக்காரரை யார் தடுக்கப்போகிறார்கள்?

உங்கள் திட்டத்தில் பிழை இருப்பது மாதத்தில்தான். மே நடுவில் கான் திரைப்பட விழா. அது முடிந்த கையோடு, சில வாரங்களுக்குள் மொனாக்கோவில் கார் பந்தயம். அந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே போய் வந்துவிடுங்கள். கடலில் இறங்கினால் குளிரும். நடப்பதற்கும் ஊர் பார்ப்பதற்கும் அதைவிட நல்ல பருவம் இல்லை.

சொல்லப்போனால் நீஸ் கோடைக்காக உருவான ஊரே இல்லை. இங்கிலாந்தின் பனிக்கும் இருமலுக்கும் தப்பி வந்த பணக்காரர்களுக்கான குளிர்கால ஊர். ஜனவரியிலும் பகலில் 13 டிகிரி இருக்கும். 1820-களில், கடும் குளிரால் பிழைப்பின்றித் தவித்த ஏழைகளுக்கு வேலை கொடுக்க, அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் பணம் திரட்டிக் கடலோரமாக ஒரு நடைபாதை போட்டார்கள். இன்றைக்கு 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ‘ஆங்கிலேயர் நடைவழி’ அப்படித் தொடங்கியதுதான். அப்போது நீஸ் பிரான்ஸிலேயே இல்லை. இத்தாலிப் பக்கத்துச் சார்டீனிய அரசின் கீழ் இருந்தது. பிரான்ஸோடு சேர்ந்தது 1860-ல். நான்கே ஆண்டுகளில் ரயில் வந்தது. அதில் ரஷ்யப் பிரபுக்கள் வந்து இறங்கினார்கள். பிறகு விக்டோரியா மகாராணியும் வந்தார். இந்தக் குளிர்கால வாழ்க்கைக்காகத்தான் 2021-ல் யுனெஸ்கோ நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோடையில் வெயில் காயும் மோகமெல்லாம் 1920-களில் வந்தது. 1936-ல் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை, ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகை என்று பிரெஞ்சு அரசு அறிவித்த பிறகு, சாதாரண ஜனங்களும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே நடுத்தரக் குடும்பம் அங்கே புது விருந்தாளி இல்லை. உங்கள் ஏஜென்ட்டுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

நீஸில் ஓர் அறை எடுத்து நான்கைந்து நாள் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து டிராம் ஊருக்குள் போகிறது. கரையோரமாக ஓடும் ரயிலில் மொனாக்கோ அரை மணிக்குள் வந்துவிடும். எதிர்த்திசையில் கானுக்கு முக்கால் மணி போதும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இரண்டு ஊரும் போக்குவரத்து நெரிசலாகத்தான் நினைவில் நிற்கும். ரயிலில் பர்ஸ் பத்திரம்.

ஒருநாள் சுற்றில் கானில் அவர்கள் காட்டப்போவது சினிமா விழா நடக்கும் படிக்கட்டு. மற்ற நாட்களில் அது ஒரு மாநாட்டு மண்டபம்; அதன் முன்னால் நின்று படம் எடுத்தால் வேலை முடிந்தது. தனிக் குட்டி நாடான மொனாக்கோவின் சூதாட்ட மாளிகையும் அப்படியே. அந்த வருமானத்தை நம்பி 1869-ல் குடிமக்களுக்கு வருமான வரியை ரத்து செய்தார்கள். ஆனால் மொனாக்கோ குடிமகன் உள்ளே போய்ச் சூதாடக் கூடாது! ஊரைக் கெடுக்காமல் வெளியூர்க்காரனை மட்டும் மொட்டையடிக்கும் ஏற்பாடு. பிள்ளைகளை அங்கிருக்கும் கடலாய்வு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1910-ல் திறந்தது, செங்குத்துப் பாறை மேல் நிற்கிறது. கீழே இருக்கும் மீன் தொட்டிகளை விட்டு அவர்களைக் கிளப்புவதுதான் கஷ்டம்.

அப்புறம் பஸ் நிற்காத இரண்டு ஊர்கள். ஆந்தீப்பில் கடல்மதில் மேல் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1946-ல் பிக்காஸோ அங்கே வரைந்தவற்றில் பல அந்த இடத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகள் மணலில் விளையாட ஆசைப்பட்டாலும் அங்கேயே போங்கள், ஏனென்றால் நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். செருப்பில்லாமல் நடக்க முடியாது, தண்ணீரும் சட்டென்று ஆழமாகிவிடும். இத்தாலிய எல்லையில் இருக்கும் மாந்தோன், எலுமிச்சைக்குப் பேர் போனது. 19-ஆம் நூற்றாண்டில் காசநோய்க்காரர்கள் வெயிலை நம்பி வந்த ஊர், பலர் திரும்பவில்லை. மேட்டில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நடுவே, ரக்பி விளையாட்டைத் தொடங்கியவர் என்று கதையாகச் சொல்லப்படும் வில்லியம் வெப் எல்லிஸும் இருக்கிறார். அந்த மேட்டிலிருந்து இத்தாலிக் கரை தெரியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீஸின் தெருப் பலகாரமான சோக்கா, கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவது. மேலே மிளகுத்தூள். நம் அடையைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பிடிக்காமல் போகாது. பழைய நகரத்தில் சாலேயா சந்தைப் பக்கம் சூடாகக் கிடைக்கும். திங்கட்கிழமை அங்கே காய்கறி இருக்காது, பழம்பொருட்கள்தான். வெங்காயம் பரப்பிச் சுட்ட ரொட்டியான பிஸலாதியேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதில் நெத்திலி இருக்கும். நீஸ் சாலட் என்றாலும் உள்ளே மீன் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

செலவு என்று பயப்பட வேண்டிய இடம் விசா. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12-க்குள் 45 யூரோ, அதற்கும் கீழே இலவசம். மறுத்துவிட்டால் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஏப்ரலில் போக அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஏஜென்ட்டிடம் அந்த வேலையை மட்டும் கொடுங்கள்.