சோப்பில் தைல வாசனை ஏன் நிற்பதில்லை?

கேள்வி: வீட்டுக்குத் தேவையான சோப்பைத் தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா வைத்து நானே போடுகிறேன். ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம் மட்டும் சேர்த்தேன். அச்சில் ஊற்றியபோது வீடே மணத்தது. ஒரு மாதம் காயவைத்து எடுத்தால் வாசனையே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? வேறு எதைக் கலக்கலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் தைலத்தைச் சோதித்துவிடுங்கள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். சுத்தமான நீலகிரித் தைலம் தடமில்லாமல் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை நின்றால் கலப்படம்தான். டர்பன்டைன் கலந்திருந்தால் மட்டும் இதில் பிடிபடாது, அதுவும் பறந்துவிடும். பெயிண்ட் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பதுதான் வழி.

ஆனால் தைலம் அசலாகவே இருந்தாலும் உங்கள் சோப்பு இப்படித்தான் ஆகியிருக்கும். நீலகிரி சீக்கிரம் பறக்கிற தைலம். 4 முதல் 6 வாரம் காய்கிற சோப்பில் தனியாக நிற்காது. அதோடு வெட்டிவேர், பச்சோலி (ஒரு வாசனைச் செடி) மாதிரி கனமான, மெதுவாகப் பறக்கிற தைலம் ஒன்று சேர வேண்டும். விலை கூடத்தான், ஆனால் கொஞ்சம் போதும். 1 கிலோ எண்ணெய்க்கு நீலகிரி 15 கிராம், எலுமிச்சைப்புல் 9, பச்சோலி 6 என்று தொடங்கலாம். சொட்டுக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். அதற்கு முன் இதே விகிதத்தில் சில சொட்டுகளைப் பஞ்சில் விட்டு, மூடிய பாட்டிலில் இரண்டு நாள் வைத்து மோந்து பாருங்கள். கலந்தவுடன் வரும் வாசனை வேறு, ஊறியபின் வருவது வேறு.

கிராம்புத் தைலம் நன்றாகவே நிற்கும். ஆனால் கலவையை மளமளவென்று இறுக்கிவிடும், அச்சில் ஊற்ற நேரம் இருக்காது. அளவு மிஞ்சினால் தோலும் எரியும். கிலோவுக்கு 3 கிராமைத் தாண்டாதீர்கள். வின்டர்கிரீன் தைலம் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அது கிட்டத்தட்ட முழுக்க மீதைல் சாலிசிலேட், வலிக் களிம்புகளில் சேர்க்கிற ரசாயனம். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

அப்புறம், வாங்கும்போது: எல்லாத் தைலமும் ஒரே விலை என்றால் அந்தக் கடை வேண்டாம். வெட்டிவேர்த் தைலத்தை எலுமிச்சைப்புல் தைலத்தின் விலைக்கு யாராலும் தர முடியாது. ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் செயற்கை மணம். பாட்டிலில் தயாரித்தவர் முகவரி, அளவு, தேதி, அதிகபட்ச விலை இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். நீலகிரித் தைலம் காகிதத்தில் கறை விட்டால் அந்தப் பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.