யானைத்தலைச் சிற்பம் சுவரில் நிற்கவில்லையா?

6 கிலோ சுடுமண் யானைத்தலை, ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவர், ஒரே ஸ்குரு. அதுவும் பிளக்கோடு (ஸ்குருவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்கிறீர்கள். எடை பெரிய விஷயமில்லை. தும்பிக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் பாரம் ஸ்குருவை வெளிப்பக்கமாக இழுக்கிறது. 35 மி.மீ. பிளக்கில் ஒரு பகுதி பூச்சிலேயே நின்றுவிடும், மீதியைப் பிடித்துக்கொள்ள ஏஏசிக்கு வலுவில்லை.

பழைய ஓட்டையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் துளையிடுங்கள். டிரில்லில் ஹேமரை (இடித்துக்கொண்டே துளைக்கும் முறையை) அணைத்துவிடுங்கள், அது துளையை அகலமாக்கிவிடும். ஏஏசிக்கென்றே விற்கும் நைலான் பிளக் இரண்டு வாங்குங்கள். பூச்சைத் தாண்டி 50 மி.மீ.யாவது உள்ளே போக வேண்டும். தூசியை ஊதியெடுத்த பிறகே செருகுங்கள். இரண்டு ஸ்குருவுக்கும் குறுக்கே இரும்புப் பட்டை முடுக்கி, அதன் கொக்கியில் சிற்பத்தை மாட்டலாம். முடுக்குவது கையால்தான், அதிகம் திருகினால் பிளாக் உள்ளேயே மாவாகிவிடும்.