மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

கேள்வி: தரைத்தளத் தொட்டியிலிருந்து மாடிக்கு நீர் ஏற்றும் எங்கள் அரைக் குதிரைத்திறன் மோட்டார், சில நாட்களில் மட்டும், ஓடினாலும் தண்ணீர் ஏற்றுவதில்லை. ஒரு குதிரைத்திறனுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மற்ற நாட்களில் நீர் ஏறுவதால், திறன் குறைவு காரணமாக இருக்க வாய்ப்பில்லை. உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது என்றே கருதுகிறேன். மோட்டாரை நிறுத்தி, பம்பின் மேலுள்ள புனலில் நீரை நிரப்பிச் சற்று நேரம் கவனியுங்கள். நீர்மட்டம் இறங்கினால், ஃபுட் வால்வில் (உறிஞ்சு குழாயின் அடிமுனையில், நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) மணலோ தூசியோ சிக்கி அது சரியாக மூடாமல் இருக்கலாம், அல்லது குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை மோட்டாரை வெறுமனே ஓடவிடாதீர்கள். மெக்கானிக்கல் சீலை (சுழலும் தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் பாகம்) குளிர்விப்பது பம்புக்குள் இருக்கும் நீர்தான் என்பதால், நீரின்றி ஓடினால் அது விரைவில் கருகிவிடும்.

புதிதாக வாங்க நேர்ந்தால், குதிரைத்திறனை மட்டும் பார்க்காமல், செங்குத்து உயரத்துடன் குழாயின் உராய்வு இழப்பையும் (குழாயில் உரசி ஓடுவதால் ஏற்படும் இழப்பு, மீட்டர் கணக்கில்) கூட்டி, அந்த மொத்த உயரத்தில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். தரைக்கு மேல் வைக்கும் சாதாரண பம்பு நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் ஆழத்திலிருந்தே உறிஞ்சும்.

தொழிற்சாலைப் பம்புகளுக்கும் இதே கணக்குதான். ஆனால் அங்கே நீரோட்டத்தைக் குறைக்க உறிஞ்சு பக்க வால்வை ஒருபோதும் திருகக் கூடாது. அப்படிச் செய்தால் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் உருவாகி உடைந்து, சரளைக்கல் உருள்வதுபோன்ற ஓசையுடன் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அரித்துவிடும்.