மூளையின் ஸ்டெம் செல்களும் வளர்ச்சிக் காரணிகளும்

கேள்வி: உயிர்த் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், நரம்பு ஸ்டெம் செல்கள் நியூரான்களாக மாற வளர்ச்சிக் காரணிகள் உதவுகின்றன என்கிறாள், அவை மாறவிடாமல் தடுப்பதும் உண்டு என்கிறாள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: ஸ்டெம் செல் என்பது பிரிந்து பெருகவும் பிற வகைச் செல்களாக மாறவும் வல்ல மூலச் செல். வளர்ச்சிக் காரணி என்பது பெருகவோ மாறவோ செல்லுக்குச் செய்தி தரும் புரதம். எந்தக் காரணி, எந்தக் கட்டத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் முரண்பாடு விலகிவிடும். 1992-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும், வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து எடுத்த செல்களை இ.ஜி.எஃப். என்னும் காரணி சேர்த்த வளர்ப்புக் கரைசலில் வளர்த்தபோது, அவற்றுள் சில திரும்பத் திரும்பப் பிரிந்து சிறு உருண்டைகளாகத் திரண்டன. ஆய்வகங்களில் இ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-2 ஆகிய இரண்டும் இன்றும் இப்பணிக்கே பயன்படுகின்றன. இவை இருக்கும்வரை ஸ்டெம் செல்கள் பெருகிக்கொண்டிருக்கும். நீக்கிய பிறகே நியூரான் (செய்தி கடத்தும் நரம்புச் செல்), ஆஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணைநிற்கும் செல்), ஆலிகோடென்ட்ரோசைட் (நரம்பிழைக்கு உறையிடும் செல்) என்னும் மூவகைச் செல்களாக மாறத் தொடங்கும். தங்கள் மகள் தடுப்பது என்று சொன்னது இதைத்தான்.

மாற்றத்தை ஒரு திசையில் திருப்புபவை வேறு; உதவுவது என்று தங்கள் மகள் சொன்னது இவற்றை. 1996-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், பி.டி.ஜி.எஃப். சேர்த்த வளர்ப்பில் நியூரான்களும், சி.என்.டி.எஃப். சேர்த்ததில் ஆஸ்ட்ரோசைட்டுகளும், டி3 சேர்த்ததில் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளும் மிகுந்தன. (டி3 வளர்ச்சிக் காரணி அன்று, தைராய்டு ஹார்மோன், பட்டியல்களில் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.)

ஆயினும் காரணி கட்டளையிட, செல் கீழ்ப்படிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சி.என்.டி.எஃப்.-இன் குடும்பத்தைச் சேர்ந்த எல்.ஐ.எஃப். காரணியை, 11 நாள் வயதையொட்டிய சுண்டெலிக் கருவின் நரம்புச் செல்களுக்கு அளித்தால் அவை ஆஸ்ட்ரோசைட்டுகளாவதில்லை. 14 நாள் வயதையொட்டிய கருவின் செல்களோ ஆகின்றன. இளம் செல்லிலும் காரணியின் செய்தி செல்லுக்குள் சென்று ஸ்டாட்3 என்னும் புரதத்தைத் தூண்டத்தான் செய்கிறது. ஆனால் அப்புரதம் சென்று பொருந்தவேண்டிய டி.என்.ஏ. பகுதியை மெத்தில் குறி (டி.என்.ஏ. மீது ஒட்டியிருக்கும் சிறு வேதிக் குறி) ஒன்று மறைத்திருப்பதால், ஆஸ்ட்ரோசைட்டுக்குரிய மரபணு இயங்குவதில்லை. கரு வளர வளர அக்குறி அகலும்போது அதே காரணி பலிக்கிறது. ஆகவே, செல்லின் வயதும் அதன் உள்நிலையும்தான் விடையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

கேள்வி: பார்க்கின்சன் நோயுள்ள என் தந்தைக்கு ‘வளர்ச்சிக் காரணி ஊசி’ போட்டால் மூளை செல்கள் புதிதாக வளரும் என்கிறது ஒரு விளம்பரம். நம்பலாமா?
– வாசகி, குரோம்பேட்டை, சென்னை

பதில்: நம்ப வேண்டாம். இக்காரணிகள் பெரிய புரதங்களாதலால், கையில் ஊசியாகப் போட்டால், இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்பவற்றை வடிகட்டும் இரத்த-மூளைத் தடுப்பைப் பெரும்பாலும் கடப்பதில்லை. ஜி.டி.என்.எஃப். காரணியை மூளைக்குள்ளேயே குழாய் வழியாகச் செலுத்திய பிரிட்டன் ஆய்விலும், 2019-ல் வெளியான முடிவின்படி, பலனை அளக்க முன்கூட்டியே வகுத்த முதன்மை அளவுகோலில், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட மருந்தில்லாத கரைசலைவிடத் தெளிவான மேன்மை காணப்படவில்லை. ஸ்டெம் செல்லையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னாலும் ஏமாற வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அன்று, ஆய்வு மட்டுமே. ஆய்வு என்று அவர்களே சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள், ஏனெனில் ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.